சோற்றுப் பார்சல் போதும், கரண்ட் பில்லைப் பாருங்கள்

போக்கிடம் இல்லாதவர்களுக்கு அறை கொடுக்கிற ஒரு வீட்டுக்கு நான் போடுவது ஐந்து நட்சத்திரத்துக்கு நாலு. அந்த ஒன்றை ஏன் வெட்டினேன் என்று பிறகு சொல்கிறேன். வெட்டினது வெட்டினதுதான்.

திருக்கோணமலையில் முப்பத்தொரு வருடம் கடிதம் கொடுத்தவன் நான். பெருந்தெரு, மடத்தடி, என்.சி. வீதி, உவர்மலை, பாலையூற்று, அன்புவழிபுரம் என்று என் சைக்கிள் ரயர் படாத ஒழுங்கை குறைவு. எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு நிற்கும் என்பது இன்னமும் மனப்பாடம். ஓய்வு பெற்ற பிறகு, மருமகன் வாங்கித் தந்த போனில் ஊர்க் கடைகளைப் பற்றிப் பிள்ளைகள் எழுதுகிற விமர்சனங்களை வாசிப்பதுதான் என் பொழுதுபோக்கு. கொத்துறொட்டிக்கு உப்புக் கூடிப்போனதற்கு இருபது வரி எழுதுகிறார்கள். நல்லதுதான், எழுதட்டும். நான் எழுதப்போவது ஒரு வீட்டைப் பற்றி. போக்கிடம் இல்லாதவர்களுக்கு அறை கொடுத்து, பிறகு அவர்களுக்குப் பக்கத்திலேயே நிற்கிற வீடு. பாலையூற்றுப் பக்கம், ஒழுங்கைக்குள்ளே, வாடகைக்கு எடுத்த பழைய ஓட்டு வீடு. நடத்துவது ஒரு சிறிய தொண்டு அமைப்பு. பெயர் எழுதவில்லை, ஏனென்றால் வாசலிலேயே பெயர்ப்பலகை கிடையாது. பலகை மாட்டினால் அது ஆச்சிரமம் ஆகிவிடுமாம். அங்கே இருப்பவர்கள் வைத்த கட்டுப்பாடு அது. நான் அதை மீறப் போவதில்லை.

எனக்கு அந்த வீட்டைக் காட்டியவர் தொப்பி ஐயா. பஸ் நிலையத்துக்குக் கிட்ட உள்ளவர்களுக்கு, தொப்பி என்று சொன்னாலே ஆள் விளங்கும். கொட்பேயில் வள்ளங்களில் கூலிக்கு நின்றவர். சீனி வருத்தம் வந்து காலில் புண் ஆறாமல் போனதும் கடல்வேலை போனது. பிறகு பூட்டிய கடை ஒன்றின் வாசல்தான் படுக்கை. கடைக்காரர் காலையில் திறக்க வரும்போது எழும்பி, படியைக் கூட்டிவிட்டுப் போவார். அவர் கொடுத்த வாடகை அது என்று நினைக்கிறேன்.

நான் வேலையில் இருந்த கடைசிக் காலத்தில் அவருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. விலாசத்தில் ஒரு பழைய மீன்வாடியின் பெயர். வாடி எடுபட்டுப் பல வருடம். 'விலாசதாரர் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கலாம். பெயரைப் பார்த்ததும் ஒரு சந்தேகம் வந்து, நாலு பேரிடம் விசாரித்து, கடை வாசலில் வைத்துக் கொடுத்தேன். வாசித்துக் காட்டச் சொன்னார். கந்தோர் ஒன்றிலிருந்து வந்த கடிதம். உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்திருந்தாராம், வதிவிடத்தை உறுதிப்படுத்தும் அத்தாட்சியுடன் நேரில் வரட்டாம். இல்லாத விலாசத்துக்குக் கடிதம் போட்டு, விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டிருந்தார்கள். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னுடைய தொழிலே விலாசம். அது இல்லாமல் ஒரு மனிதன் எவ்வளவு தூரம் இல்லாமல் போவான் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

யோசித்துப் பாருங்கள். அடையாள அட்டை தொலைந்தால் பொலிசில் முறைப்பாடு எழுத வேண்டும். பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பதிவு செய்த ஸ்ரூடியோவில் படம் பிடிக்க வேண்டும். எல்லாவற்றையும் கொண்டுபோய் கிராம சேவகருக்கு முன்னால் வைத்தால், அவர் கேட்கிற முதல் கேள்வி, 'எந்த வீடு?' அவரைக் குறை சொல்ல ஏலாது, அவருடைய கொப்பியில் வீட்டு இலக்கத்துக்குக் கீழேதான் ஆட்கள். அட்டை இல்லையென்றால் வங்கிக் கணக்கு இல்லை. கணக்கு இல்லையென்றால் உதவிப்பணம் இல்லை. முன்னே தபால் கந்தோரில் கொடுத்ததைச் சனம் பிச்சைச்சம்பளம் என்று சொல்லும். 2023இல் அஸ்வெசும என்ற அரசாங்க உதவித் திட்டம் வந்த பிறகு படிவம் மாறியது, ஆனால் வீட்டைக் கேட்கும் கேள்வி மாறவில்லை. இன்னும் ஒன்று. 1841இல் ஆங்கிலேயர் இந்தத் தீவில் நாடோடிகள் கட்டளைச்சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். போக்கிடம் இல்லாமல் கிடப்பவனையே குற்றவாளியாகப் பார்க்கிற சட்டம். நூறு வருடம் தாண்டியும் அது உயிரோடு இருந்தது. அதற்கு எவ்வளவோ முந்தி, யாத்திரை வருகிறவனும் வழி தவறினவனும் ஒரு கூரைக்குக் கீழே தலைசாய்க்கட்டும் என்று மடம் கட்டி வைத்த ஊர்கள் இவை. மடத்தடிச் சந்தி என்று இன்றைக்கும் வாய் நிறையச் சொல்கிறோம்.

சரி, வீட்டுக்கு வருவோம்.

ஒரு நாள் தொப்பி ஐயாவைக் கடை வாசலில் காணவில்லை. ஆஸ்பத்திரி என்று நினைத்தேன். மூன்று கிழமைக்குப் பிறகு சந்தைப் பக்கம் ஆளைக் கண்டேன். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு திறப்பு. தாயத்துப்போலத் தொங்கியது. "என்ன ஐயா இது?" என்றேன். "வீட்டுத் திறப்பு" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அறைத் திறப்பு" என்று திருத்தினார். வந்து பார் என்றார். போனேன்.

எட்டுப் பேர் இருக்கிறார்கள். ஆறு ஆண்கள், இரண்டு பெண்கள். பெரிய அறைகளைப் பலகை வைத்துப் பிரித்திருக்கிறார்கள், பெண்களுக்கு மட்டும் குளியலறையோடு சேர்ந்த பின்அறை. ஒவ்வொரு அறைக்கும் உள்பக்கம் தாழ்ப்பாள், வெளிப்பக்கம் பூட்டு. நான் முதலில் கவனித்தது அந்தத் தாழ்ப்பாளைத்தான். நான் கண்ட எத்தனையோ இல்லங்களில் உள்ளே இருப்பவர் பூட்ட முடியாது, பொறுப்பாளர்தான் பூட்டுவார். இங்கே பொறுப்பாளர்கூடத் தட்டிவிட்டுத்தான் நுழைகிறார். முற்றத்தில் கிணறு, ஒரு முருங்கை, துணிக்கொடி. சமையலறையில் யாருடைய முறை என்று சோக்கட்டியால் சுவரில் எழுதியிருக்கிறது. உதவிப்பணமோ கூலியோ கிடைக்கிறவர் அதில் ஒரு பங்கை வாடகைக்குக் கொடுக்க வேண்டும். கிடைக்காதவர் கிடைக்கும் வரை கொடுக்கத் தேவையில்லை. எத்தனை மாதம் தங்கலாம் என்று கேட்டேன். மாதக் கணக்கு இல்லையாம். வேறு இடம் பார்த்துக்கொண்டு தானாகப் போகிற நாள்வரை.

அங்கே இருக்கும் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கின்னியாத் துறையில், பாதை என்று நாங்கள் சொல்கிற கடவைப் படகில் ஏறி இறங்கும் சனத்தின் மூட்டைகளைத் தூக்கிப் பிழைத்தவர். 2009இல் பாலம் திறந்தது. 396 மீற்றர். பஸ் நிற்காமல் போனது, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் கரையில் காத்துக் கிடக்கிற காலம் முடிந்தது, ஊர் முழுக்கச் சந்தோசம். மூட்டையும் நிற்காமல் போனது. அவர் அந்தப் பாலத்தைத் திட்டுவதில்லை. "நல்ல பாலம் தம்பி. நானும் நடந்து பாத்தன்" என்றார். கடையில் கூலி, பிறகு கல்லுடைப்பு, பிறகு குடி, பிறகு வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிட்டார். ஒருவர் தெருவுக்கு வருவதற்கு ஒரு பெரிய காரணம் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். நாலு சின்னக் காரணங்கள் அடுத்தடுத்து வந்தால் போதும்போல.

குடி என்றதும் எனக்கும் பொறுப்பாக இருக்கும் அக்காவுக்கும் நடந்த வாக்குவாதம் ஞாபகம் வருகிறது. மூதூர்ப் பக்கத்தவர், ஐம்பது வயதிருக்கும், குரல் உயராது. நான் போயிருந்த ஒரு மாலை, மேலே சொன்னவர் நல்ல வெறியில் வந்து படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா சமையலறைக் கத்திகளை எடுத்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். ஆளைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் அறையில் விட்டார். பக்கத்தில் ஒரு வாளி. அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்தது.

"என்ன அக்கா, சனம் குடுக்கிற காசிலை குடிகாரனுக்கு அறையோ?"

"அறைக்கு அவரும் காசு குடுக்கிறார் ஐயா."

"அதுக்காக?"

"வெளியிலை போ எண்டு சொன்னால் எங்கை போவார்? அதே கடை வாசல். பிறகு நாங்கள் திரும்பவும் தேடிக்கொண்டு திரிய வேணும். இங்கை கிடந்தால் விடியக் காலமை கதைக்கலாம்."

விடியக் கதைத்தாரா என்று அடுத்த நாள் வேண்டுமென்றே போய்ப் பார்த்தேன். கதைத்திருக்கிறார். ஆள் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. இதை கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் என் தங்கச்சி மகனிடம் போனில் சொன்னபோது, அவன் மாமாவுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிவிட்டான். அவனுக்கு அங்கே இதே துறையில் வேலை. முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு என்கிற முறையை நியூயோர்க்கில் 1992இலேயே தொடங்கிவிட்டார்களாம். கனடாவில் 2009 தொடக்கம் ரொறன்ரோ, வன்கூவர் உட்பட ஐந்து நகரங்களில், 2,000 பேருக்கு மேல் சேர்த்து நாலு வருடம் சோதித்துப் பார்த்தார்களாம். குடியை விட்டால்தான் வீடு, மருந்து எடுத்தால்தான் வீடு என்று நிபந்தனை போடாமல் வீட்டைக் கொடுத்து, கூடவே ஆள் நின்றபோது, கூடுதலான ஆட்கள் வீட்டிலேயே நிலைத்தார்களாம். அவ்வளவு தூரம் எதற்கு, சென்னையிலேயே 1993இல் தொடங்கின பான்யன் என்ற அமைப்பு, மனநோயோடு தெருவில் கிடந்த பெண்களைச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்து நாலைந்து பேராகக் குடியமர்த்துகிறது என்றும் சொன்னான். நான் எல்லாவற்றையும் கேட்டேன். அரைவாசி ஒத்துக்கொண்டேன். மற்ற அரைவாசிக்கு, அந்த முருங்கையடியில் ஆள் கூட்டிக்கொண்டிருந்த காட்சி காணும்.

இனி நம்முடைய ஊர்ச் சனத்தைப் பற்றி. நட்சத்திரம் போடச் சொன்னால் ஊருக்கு நான் மூன்றரைதான் போடுவேன்.

கை நீட்டிக் கொடுக்கிற ஊர் இது. அதில் குறையில்லை. நோன்பு மாதத்தில் பின்னேரம் பள்ளிவாசலில் இருந்து கஞ்சி வந்துவிடும், வாளியோடு. அபயபுரப் பக்கத்துச் சிங்கள பேக்கரிக்காரர் ஒருவர் பின்னேரப் பாணில் மிஞ்சுவதைத் தானே கொண்டுவந்து படலையில் கொழுவிவிட்டுப் போவார், உள்ளே வரமாட்டார். ஆனால் பிறந்தநாளும் திவசமும் ஒரே நாளில் வந்தால் பார்க்க வேண்டும்! ஒரு சனிக்கிழமை மூன்று இடத்திலிருந்து சோற்றுப் பார்சல். அறுபதுக்கு மேல் எண்ணினேன். இருப்பவர் எட்டுப் பேர். அதில் நாலு பேருக்குச் சீனி வருத்தம். பிரியாணி, வட்டிலப்பம், கேசரி. அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்து, ஓட்டோ ஸ்ராண்டுக்குக் கொடுத்து, கடைசியில் ஒழுங்கை நாய்கள் பிரியாணியை மணந்துவிட்டுத் திரும்பிப் போயின. அதற்கு அடுத்த புதன்கிழமை காஸ் முடிந்து, முற்றத்தில் கல்லு வைத்து விறகில் கஞ்சி காய்ச்சினார்கள். அந்த மாதம் சிவப்பு எழுத்தில் கரண்ட் பில்லும் வந்திருந்தது.

கொடுப்பவர்களிடம் கரண்ட் பில்லைக் காட்டினால் முகம் சுருங்குகிறது. சோறு கொடுத்தால் புண்ணியம், பில் கட்டினால் என்ன கிடைக்கும் என்று ஒருவர் என்னிடமே கேட்டார். பகிடிக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அவர்களுக்கு உண்மையில் தேவைப்படுவது கண்ணுக்குத் தெரியாத சாமான்கள்: வீட்டு வாடகை, தண்ணி பில், கிளினிக்குக்குப் போக ஓட்டோக் காசு, புண்ணுக்குக் கட்டுகிற துணி, வாசிக்கிற கண்ணாடி, துருப்பிடிக்காத பூட்டு. வடகீழ்ப் பருவமழைக்கு முந்தி மாற்ற வேண்டிய ஓடு.

இதை விளங்கிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள், சத்தம் போடாமல். மருந்துக்கடை முதலாளி ஒருவர் தனிக் கொப்பி போட்டிருக்கிறார். மாத முடிவில் பாதியை அவரே வெட்டிவிடுவார். சலூன்காரத் தம்பி ஒருவர் இரண்டு கிழமைக்கு ஒருமுறை திங்கட்கிழமை பெட்டியோடு வருவார். சந்தி ஓட்டோக்காரர் இருவர் பெற்றோல் காசுக்கு மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றுகிறார்கள். ஒரு ரீச்சர் மாதம் பிறந்து ஐந்தாம் திகதி ஒரே தொகையை அனுப்புகிறார். சின்னத் தொகைதான், ஆனால் தவறாது. அக்காவுக்கு அந்தச் சின்னத் தொகை மேல்தான் நம்பிக்கை, ஏனென்றால் அதை வைத்துத்தான் கணக்குப் போட முடியும். பக்கத்து வீட்டம்மா முதலில் ஒழுங்கையில் கையெழுத்து வாங்கித் திரிந்தவர், பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இது சரிவராது என்று. இப்போது அவருடைய வீட்டுக் கிணற்றில் வாளி விழுந்தால் கூப்பிடுவது பாதைக்கார ஐயாவைத்தான். கையெழுத்துக் கடதாசிக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை.

என் பங்கு, செவ்வாய்க்கிழமை காலை. படிவம் நிரப்புவது, கடிதம் எழுதுவது, வந்ததை வாசித்துக் காட்டுவது. காசு பெரிதாக இல்லாத ஓய்வூதியக்காரனுக்கு ஏற்ற தானம். எழுத வாசிக்கத் தெரிந்த, சிங்களத்தில் ஒரு விண்ணப்பம் நிரப்பக்கூடிய யாராவது இருந்தால் வியாழக்கிழமை காலியாக இருக்கிறது.

இனிக் குறைகள். ஒரு நட்சத்திரம் போன கதை.

முதலாவது, படம். ஒரு நாள் ஒரு கூட்டம் பதாகையோடு வந்தது. அரிசிப் பையைத் தொப்பி ஐயாவின் கையில் கொடுத்து, வாங்குவதுபோலப் பிடிக்கச் சொல்லி, வெளிச்சம் சரியில்லை என்று திரும்பவும் கொடுத்து, மூன்று தரம் எடுத்தார்கள். பிறகு அவர் தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள். அக்கா அன்றைக்கு அரசாங்கக் கந்தோரான கச்சேரிக்குப் போயிருந்தார். வேலைக்கு நின்ற இளம் பிள்ளைக்கு மறுக்கத் தைரியம் வரவில்லை. அறைக்கு உள்தாழ்ப்பாள் வைத்த வீட்டில் இது நடந்திருக்கக் கூடாது. சொன்னேன். அதற்குப் பிறகு படம் இல்லை என்று முடிவெடுத்தார்களாம். ஆனால் எழுதி ஒட்டச் சொன்னதை இன்னும் ஒட்டவில்லை.

இரண்டாவது, பெண்களுக்கான இடம். இரண்டு பேருக்குத்தான். பஸ் நிலையத்தில் இரவில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தபடியே தூங்குகிற பெண்களை நான் கண்டிருக்கிறேன். வெளிநாட்டில் வீட்டுவேலை செய்து திரும்பி வந்து, அனுப்பிய காசும் இல்லை, வீடும் இல்லை என்று நின்ற ஒரு தங்கச்சியை அழைத்துப்போனபோது இடமில்லை என்றார்கள். இடமில்லைத்தான், பொய் சொல்லவில்லை. கன்னியாஸ்திரிகள் இருக்கும் ஒரு இடத்துக்கு அவர்களே கதைத்து அனுப்பினார்கள். ஆனாலும் அந்த வாசலில் நின்று இடமில்லை என்று கேட்பது வேறு.

பிறகு குளியலறைப் படி. முக்கால் அடி உயரம், ஈரம், பிடிக்க ஒன்றும் இல்லை. காலில் புண்ணோடு இருப்பவர்களின் வீட்டில்! ஒரு மேசனுக்கு அரை நாள் வேலை. இதை வாசிக்கிற மேசன்மார் கவனிக்கவும். கணக்கறிக்கையைச் சுவரில் ஒட்டுகிறார்கள், மெச்ச வேண்டியதுதான், ஆனால் ஆங்கிலத்தில் மட்டும். யாருக்கு? நான் கேட்ட பிறகு தமிழில் கையால் எழுதிப் பக்கத்தில் ஒட்டினார்கள். சிங்களத்தில் இன்னும் இல்லை. பாண் கொண்டுவருபவர் படலைக்கு வெளியே நிற்பதற்கு அதுவும் ஒரு காரணமோ தெரியாது.

பலன் என்ன என்று கேட்பீர்கள். தொப்பி ஐயா முதல் இரண்டு கிழமையும் கட்டிலில் படுக்கவில்லையாம். அறைக் கதவைத் திறந்துபோட்டுவிட்டு, வெளித் திண்ணையில் சாக்கு விரித்துக் கிடந்தாராம். யாரும் உள்ளே போ என்று சொல்லவில்லை. மழை வந்த இரவில் தானாகப் போய்ப் படுத்தார். கிராம சேவகர் வந்து பார்த்து, வீட்டு இலக்கத்துக்குக் கீழே பெயரை எழுதினார். அதற்குப் பிறகு அட்டை, அதற்குப் பிறகு வங்கிப் புத்தகம், ஒவ்வொன்றுக்கும் மாதக் கணக்கில் அலைச்சல். பாதி அலைச்சல் அக்கா, பாதி நான். புண் சுருங்கிவிட்டது, ஆறவில்லை. இன்னமும் பின்னேரத்தில் பஸ் ஏறிப்போய் அந்தக் கடை வாசலில் எட்டு மணிவரை இருந்துவிட்டுத்தான் வருகிறார். கூட்டாளிகள் அங்கேதான் இருக்கிறார்கள் என்றார்.

அட்டை வந்த கிழமை எனக்கு ஒரு விசர் ஆசை. தபால் கந்தோருக்குப் போய் ஒரு தபாலட்டை வாங்கி, முழுப் பெயர், வீட்டு இலக்கம், ஒழுங்கை, பாலையூற்று, திருக்கோணமலை 31000 என்று பழைய பழக்கத்தில் எழுத்தெழுத்தாக எழுதி, பின்பக்கம் 'நலம், நலமறிய ஆவல்' என்று மட்டும் போட்டுப் பெட்டிக்குள் போட்டேன். செவ்வாய்க்கிழமை போனபோது அட்டை அவருடைய மேசையில், மருந்துப் போத்தலுக்குக் கீழே கிடந்தது.

"கிடைச்சுதோ?" என்றேன்.

"கிடைச்சது. உனக்கென்ன விசரோ? சைக்கிளிலை வந்து சொன்னால் இருபது நிமிசம். முத்திரைக்காசு வீண்" என்றார்.